கே ஜே ஐ யூ

மதுரையில ஒரு காலேஜ் லைப்ரரில பன்னெண்டு வருஷமா வேல பாக்குறேன், மாற்றுத்திறனாளி பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகம் ஏற்பாடு பண்ணிக் குடுக்குறது என் பொறுப்பு. ஆரம்பத்துல இந்த வேலைன்னா ஆள் பிடிக்கிறதுதான், வாசிச்சுக் காட்ட ஒரு ஆளு, பரீட்சை எழுதிக் குடுக்க ஒரு ஆளு, வர்றேன்னு சொன்ன பொண்ணு வரலன்னா அன்னிக்குப் பாடம் அப்படியே நிக்கும், கண்ணு தெரியாத பையன் டேபிள்ல கைய வச்சிக்கிட்டு காத்துக்கிட்டே உக்காந்திருப்பான். அதப் பாத்துப் பாத்துத்தான் இதுக்கு ஏதாவது வழி வேணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அப்பத்தான் நன்கொடையா பத்து இ-ரீடர், அதான் மின்புத்தகம் படிக்கிற கையடக்கக் கருவி, வந்துச்சு. மேலூர் பக்கத்துல இருந்து வர்ற தமிழ் இலக்கியம் படிக்கிற தம்பி ஒருத்தன், பிறவியிலயே பார்வை கிடையாது, அவன் கையில ஒண்ணக் குடுத்தேன். சுத்திச் சுத்தித் தடவிப் பாத்தான், பவர் பட்டன் ஒண்ணுதான் தட்டுப்பட்டுச்சு, மத்ததெல்லாம் வழுவழுன்னு கண்ணாடி. "அண்ணே, இதுல புக்கு எங்க இருக்கு"ன்னு கேட்டான். நான் திறந்து விட்டா இங்கிலீஷ் புக்க மட்டும் வாசிக்கும், ஆனா மெனு பேசாது, எந்தப் புக்கு வேணும்னு அவனா எடுக்க முடியாது, வெளிய வந்துட்டா திரும்ப உள்ள போக முடியாது. அப்ப மறுபடியும் ஆளுதான வேணும்?

இது எங்க மெஷின்ல மட்டும் இருந்த குறைன்னு நெனச்சேன், தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சுச்சு இதுக்கு பெரிய கோர்ட் கேஸே நடந்திருக்குன்னு. 2009-ல அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில கிண்டில் டிஎக்ஸ்ங்கிற அமேசான் கம்பெனி இ-ரீடர்ல பாடப் புத்தகம் குடுக்கப் போறோம்னதும், புக்க வாசிக்குது ஆனா மெனு பேசலையே, நாங்க எப்படித் திறக்குறதுன்னு பார்வையற்றோர் அமைப்புக வழக்கு போட்டுருச்சு, 2010 ஜனவரில சமரசமாகி, அந்த ஜூன்ல அந்த நாட்டு நீதித்துறையும் கல்வித்துறையும் சேர்ந்து, பார்வை இல்லாதவங்க பயன்படுத்த முடியாத கருவியக் கட்டாயமாக்காதீங்கன்னு காலேஜ் தலைவருகளுக்கு லெட்டரே போட்டுருக்கு. அந்தத் தம்பி மேலூர்ல இருந்து வந்து கேட்ட கேள்வியும் அதேதான்.

அதுக்காக இ-ரீடர ஒரேயடியா ஒதுக்கவும் முடியாது. தசை பலவீனம் இருக்குற ஒரு பொண்ணு, தடிப் புத்தகத்த ரெண்டு நிமிஷம்கூட பிடிக்க முடியாது, இது எடை கம்மிங்கிறதால மடியில வச்சிக்கிட்டு ஒரு விரலால தட்டித் தட்டி மொத்தப் பாடத்தையும் முடிச்சிருச்சு. கொஞ்சமா பார்வை இருக்குற பிள்ளைங்களுக்கு எழுத்தப் பெருசாக்குறது எவ்வளவு உதவின்னு பக்கத்துல இருந்து பாத்தாத்தான் புரியும், லென்ஸ வச்சிக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையாத் தேடுன கண்ணு வரி வரியா ஓடுறத நான் பாத்திருக்கேன்.

தம்பிக்கு லேப்டாப்புல என்விடிஏ போட்டுக் குடுத்தேன், காசே கிடையாது, ஆஸ்திரேலியாவுல பார்வை இல்லாத ஒருத்தரு 2006-ல ஆரம்பிச்சு, அவர மாதிரியே இன்னொருத்தரும் சேர்ந்து வளத்த ஸ்கிரீன் ரீடர், திரையில இருக்குறத வாசிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர், கூட இருக்குற ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும், கொஞ்சம் தகரத்துல தட்டுற மாதிரி இருக்கும் ஆனா பழகிரும். சரி முடிஞ்சுச்சுன்னு பாத்தா, டிபார்ட்மென்ட்ல குடுத்த பாடக் குறிப்புல பிரச்சன. ஸ்கிரீன்ல எனக்கு நல்லா 'மதுரை'ன்னு தெரியுது, அவன் எழுத்தெழுத்தா நகத்திக் கேட்டா "கே, ஜே, ஐ, யூ"ங்குது. பாமினி ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் அது, கண்ணுக்குத்தான் தமிழு, கம்ப்யூட்டருக்கு உள்ள வெறும் இங்கிலீஷ் எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்குற பொதுக் குறியீடு யூனிகோடு, தமிழ்நாடு அரசு 2010-லயே அத ஏத்துக்கிச்சு, ஆனா டிடிபி கடைகள்ல இன்னமும் பழைய ஃபான்ட்தான் ஓடுது. சொந்த ஊர்ப் பேரக்கூட அவன் காதுக்குச் சேர விடாம வச்சிருக்கோமேன்னு அன்னிக்கு எனக்குத் தாங்கவே முடியல.

பாமினிய யூனிகோடா மாத்துறது சுலபம், கன்வர்ட்டர் இருக்கு. ஸ்கேன் பண்ணுன புக்குதான் உயிர வாங்கும். படத்துல இருக்குற எழுத்த அடையாளம் கண்டு எடுக்குற ஓசிஆர் போட்டா ரகரத்தையும் காலையும் மாத்திப் போடும், பாரதி 'பாாதி' ஆயிருவாரு, ஒரு பக்கம் செய்யுளும் மறுபக்கம் உரையுமா ரெண்டு பத்தியாப் பிரிச்சு அச்சடிச்ச புக்குன்னா ரெண்டையும் கலந்து ஒரே வரியா வாசிக்கும், கேக்குறவனுக்கு எது புலவர் சொன்னது எது உரைகாரர் சொன்னதுன்னே தெரியாது. பாடம் நடத்துறவங்க "நாப்பத்தேழாம் பக்கம் எடுங்க"ம்பாங்க, ஃபைல்ல பக்கமே இருக்காது. அதனால ஒவ்வொரு தலைப்பையும் ஹெட்டிங்கா மாத்தி, அச்சுப் புக்குல உள்ள பக்க எண்ணையும் உள்ள போட்டு ஈபப்ங்கிற மின்புத்தக ஃபைலா ஆக்க ஆரம்பிச்சோம். சங்க இலக்கியம் பரவால்ல, 1998 பொங்கல்ல தொடங்குன மதுரைத் திட்டம்ங்கிற இலவச மின்நூல் தொகுப்பு இருக்கு, பேருலதான் நம்ம ஊரு, உலகம் பூரா இருக்குற தமிழாளுக சும்மா உக்காந்து தட்டச்சு பண்ணிக் குடுத்தது, அவங்களுக்கு நான் எத்தன கும்பிடு போட்டாலும் தகும். ஆனா இந்த செமஸ்டர் பாடநூலு அங்க இருக்காதுல்ல.

காப்பிரைட்டு பிரச்சன வரும்னு பயந்தவங்களும் உண்டு. நம்ம நாட்டு காப்பிரைட்டு சட்டத்துக்கு 2012-ல வந்த திருத்தத்துலயே மாற்றுத்திறனாளிங்க படிக்கத் தோதா புக்க மாத்திக் குடுக்கலாம்னு இருக்கு, பார்வை இல்லாதவங்களுக்குப் புக்கு கிடைக்கணும்னு பல நாடுக சேர்ந்து போட்ட 2013 மராகேஷ் ஒப்பந்தத்த 2014-ல முதல் நாடா உறுதி பண்ணுனதே இந்தியாதான். இத ஒரு தாள்ல பிரிண்ட் போட்டு மேஜைல ஒட்டி வச்சிருக்கேன், கேக்குறவங்களுக்குக் காட்டுறதுக்கு.

ஒரு புக்கு முடிக்க மூணு வாரம் ஆகுது, எனக்கு லைப்ரரி வேலையும் இருக்கு, சாயங்காலம் ரெண்டு பிள்ளைங்க வந்து பிழை பாத்துக் குடுக்குதுங்க. போன வாரம் ராத்திரி அந்தத் தம்பிட்ட இருந்து போனு. வீட்டுல என்னமோ ஏதோன்னு பதறி எடுத்தேன். "அண்ணே, மூணாம் பாடத்துல, நூத்திப் பன்னெண்டாம் பக்கம், ரெண்டாவது பாரா, அங்க ர போட வேண்டிய எடத்துல கால் கெடக்கு, திருத்திருங்க. அடுத்த பாடமும் பாத்துட்டுச் சொல்றேன்"ன்னு சொல்லிட்டு வச்சிட்டான்.