பெரிய வாய்க்காலுக்கு மேற்கே

பாண்டிச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெரிய வாய்க்காலைத் தாண்டுவதே இல்லை. கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதி: மஞ்சள் சுவர், காகிதப்பூ, நாலு போட்டோ, அதோடு சரி. மேற்கே தமிழர் பகுதி. அதற்குள்ளும் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் வீதிகள் தனித்தனி.

மிஷன் வீதியிலிருந்து வைசியாள் வீதிக்குள் நுழைந்தேன். கால்வே சுப்பராய செட்டி வீதி என்றும் சொல்வார்கள். கீழே தாழ்வாரம், திண்ணை, மரத்தூண். அண்ணாந்து பார்த்தால் மாடியில் பிரெஞ்சுக்காரன் வீட்டு வளைவு ஜன்னல். அந்தக் காலத்து செட்டியார்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது போல! ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இந்த வீதியின் முகப்புகளைச் சீரமைத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு செய்த வேலை என்பதால்தான் இன்னும் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் நாலு வீதி தள்ளிப் போனால் கதை வேறு. ஒரு வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அஞ்சு பங்காளி தம்பி. ரெண்டு பேர் பிரான்ஸ்ல. ஓடு மாத்தணும்னா யார் காசு குடுப்பா?" என்றார். அவருக்குப் பின்னால் சுவரின் அடிப்பாகத்தில் சிமென்ட் பூசியிருந்தார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. சிமென்ட் பூச்சுக்கு மேலே உப்புப் பூத்து, விரல் பட்டதும் காரை மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்குக் கூலி அதிகம், அதான் சிமென்ட் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சி மன்றம், 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதைப் பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். நல்ல காரியம்தான். அது அரசாங்கக் கட்டடம், எல்லார் கண்ணிலும் படுகிற இடம். திண்ணை வீடு விழுந்தால்? மறுமாதம் அந்த இடத்தில் பில்லர் போட்டுவிடுவார்கள். முஸ்லிம் பகுதியிலும் இதையேதான் பார்த்தேன்: ஒரு பழைய வீடு, பக்கத்திலேயே டைல்ஸ் ஒட்டிய மூன்று மாடி. வெறும் விருதும் பலகையும் போதாது. பங்காளிகள் ஐந்து பேரும் ஒத்துக்கொள்கிற மாதிரி பராமரிப்புக்குப் பணம் வர ஒரு வழி வேண்டும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு மட்டும் வேண்டாம், காந்தி வீதியில் சண்டே மார்க்கெட்; நடக்கவே இடம் இருக்காது.