தீபாவளி நாளில் ஒரு கையொப்பம்

2026 ஜனவரி 12, திங்கள்

புது வகுப்பு, புதுக் கோப்புகள். சிங்கப்பூரில் ஒரு சிறப்புக் கல்விப் பள்ளியில் இவ்வாண்டு என்னிடம் வந்திருக்கும் ஆறு பிள்ளைகளில் ஒருவனுக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். வீட்டில் பாட்டி அவனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தம்பியின் தனிநபர் கல்வித் திட்டத்தில், வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேரம் பட அட்டைகளைக் கொண்டு தனியாகப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. நடந்த ஒவ்வொரு பயிற்சிக்கும் தேதி போட்டுக் கையொப்பமிட ஒரு தாள் உண்டு. சென்ற ஆண்டின் தாளை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். 2025 அக்டோபர் 20, காலை 9.15 முதல் 10.00 வரை. கையொப்பம் இருக்கிறது. 'நன்றாக ஒத்துழைத்தான்' என்ற குறிப்பும் இருக்கிறது.

அன்று தீபாவளி. பள்ளி பூட்டிக் கிடந்தது. நான் மாமியார் வீட்டில் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 14, புதன்

கைத்தவறாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு மற்ற தேதிகளையும் பணிப் பட்டியலோடு ஒப்பிட்டேன். பயிற்சி தரும் உதவி ஆசிரியை மருத்துவ விடுப்பில் இருந்த இரண்டு நாளும் கையொப்பம். வகுப்பு முழுவதும் விலங்குத் தோட்டத்திற்குப் போயிருந்த நாளிலும் கையொப்பம்.

மாலையில் அவளிடமே கேட்டேன். "ஜூலைக்குப் பிறகு ஆளே இல்லை அக்கா. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், நான் மூன்று வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஆண்டு முடிவில் தாளை நிரப்பித் தரச் சொன்னார்கள்" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். இருபத்து நான்கு வயதுப் பெண். அவள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஜனவரி 19, திங்கள்

இன்று தம்பியோடு தரையில் உட்கார்ந்தேன். நீல நிறப் புத்தகம், அதில் ஒட்டுப் பட்டைகளில் ஒட்டவும் பிய்த்தெடுக்கவும் கூடிய அட்டைகள்: தண்ணீர், ரொட்டி, கழிவறை, போதும். ஆண்டிறுதி அறிக்கையின்படி இவன் இருபது அட்டைகளைத் தானே எடுத்துக் கொடுத்துக் கேட்கக் கற்றுவிட்டான்.

தண்ணீர் அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு மூலையைக் கடித்தான். பிளாஸ்டிக் உறையில் வரிசையாகப் பழைய பல் தடங்கள். சென்ற ஆண்டு முழுவதும் அந்த அட்டைக்கு அவன் கண்ட பயன் அதுதான் போலிருக்கிறது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய் வரை இழுத்துப் போனான். நான் வர மறுத்தால் என்ன செய்வான் என்பதும் தெரிந்தது. உள்ளங்கையால் தன் தாடையை அடித்துக்கொள்கிறான். அந்த இடம் சிவந்து தடித்திருக்கிறது.

ஆறு மாதம் யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் அவனுக்கு அந்த அடி மிச்சமாகியிருக்கும்.

ஜனவரி 23, வெள்ளி

முதலில் நேரில் சொன்னேன். "ஆள் பற்றாக்குறை உங்களுக்குத் தெரியாததா? இனிமேல் சரிசெய்கிறோம். எழுத்தில் எதுவும் வேண்டாமே" என்று மேலதிகாரி கனிவாகத்தான் சொன்னார். ஆள் பற்றாக்குறை உண்மை என்றால் அதை அப்படியே தாளில் எழுதியிருக்கலாம். 'பயிற்சி நடக்கவில்லை' என்று எழுதியிருந்தால் பாட்டிக்குத் தெரிந்திருக்கும், பேச்சுச் சிகிச்சையாளருக்குத் தெரிந்திருக்கும், கூடுதல் ஆள் கேட்கவும் அதுவே ஆதாரமாக இருந்திருக்கும்.

இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்கு தேதிகள், ஒரு கேள்வி, ஒரு வேண்டுகோள்: விட்டுப்போன பயிற்சியைத் தம்பிக்கு ஈடுசெய்து கொடுங்கள். யார் பெயரையும் எழுதவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

திங்கள் முதல் எனக்கு வகுப்பு இல்லை. 'பாடவள மேம்பாடு' என்று ஒரு பொறுப்பு. அதாவது பொருள் அறையில் அட்டை வெட்டி உறையிடுவது, வராத ஆசிரியர்களுக்கு மாற்றாகப் போவது, பிற்பகலில் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றுவது. இது நல்ல வாய்ப்பு என்று சொல்லிக் கை குலுக்கினார்கள். பதினொரு ஆண்டு வகுப்பில் நின்றவளுக்கு.

பிப்ரவரி 1, ஞாயிறு, தைப்பூசம்

காலை ஆறு மணிக்கே சிராங்கூன் ரோட்டில் பெருமாள் கோவில் பக்கம் போனேன். பால்குடம் எடுப்பவர்களின் வரிசையில், மஞ்சள் புடவையில் தம்பியின் பாட்டி. பேரனுக்குப் பேச்சு வர வேண்டும் என்று ஏழாவது ஆண்டாக எடுக்கிறாராம். டேங்க் ரோடு முருகன் கோவில் வரை வெறுங்காலோடு.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "டீச்சர், நாளையிலிருந்து அவனுக்கு வேறு டீச்சர் என்று கடிதம் வந்திருக்கிறது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது அம்மா" என்றேன். மேற்கொண்டு எனக்குப் பதில் வரவில்லை. குடத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் அவரால் என் கையைப் பிடிக்க முடியவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தார்.

பிப்ரவரி 11, புதன்

பணி மதிப்பீடு. ஐந்து ஆண்டுகளாக 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்' என்று எழுதிய அதே கட்டத்தில், 'குழுவோடு ஒத்துழைப்பதில் முன்னேற்றம் தேவை'. எந்த நிகழ்வில் என்று கேட்டேன். பொதுவாகச் சொல்வதாகப் பதில். என் மின்னஞ்சலை அவர்களும் குறிப்பிடவில்லை, நானும் குறிப்பிடவில்லை. மேசைக்கு நடுவில் அது உட்கார்ந்திருந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

சீனப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் இருக்கும் என் சித்தி மகளோடு நீண்ட நேரம் பேசினேன். அவளும் ஆசிரியை. நான் சொல்லி முடிப்பதற்குள், "அக்கா, இங்கே இது வழக்கு மன்றம் வரை போன கதை" என்றாள்.

போர்ட்லண்டில் செட்டில்கூட் என்ற ஆசிரியை. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கு உடற்கல்வி கற்பிக்கப் புதிதாகச் சேர்ந்தவர். இடமில்லை, கருவிகள் சரியில்லை, பிள்ளைகள் நடத்தப்படும் விதம் சரியில்லை என்று மேலிடத்துக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதுவரை நன்றாக இருந்த மதிப்பீடு அதற்குப் பிறகு சரிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. வழக்குத் தொடுத்தார். ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது, கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளியது, 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்ப நிலைநாட்டியது. கடிதம், மதிப்பீடு, வெளியேற்றம். வரிசையைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அங்கே 1975 முதல் சட்டமே இருக்கிறது. சிறப்புத் தேவையுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமான, பொருத்தமான கல்வி, எழுதி வைத்த தனித் திட்டம், திட்டப்படி நடக்காவிட்டால் பெற்றோர் விசாரணை கேட்கும் உரிமை. இருந்தும் சொன்னவரைக் காப்பது எளிதாக இல்லை. 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் தம் பணிக்கடமையின் பகுதியாகப் பேசுவதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டதாம். தவறைச் சொல்வது ஆசிரியரின் கடமை என்பதாலேயே பாதுகாப்பு போய்விடுகிறது! அந்த அநியாயத்தைக் கேட்டு ஃபோனிலேயே சத்தம் போட்டேன். பிறகு 2009-இல் கலிஃபோர்னிய ஆசிரியை ஒருவரின் வழக்கில், உடற்குறையுடையோர் உரிமைச் சட்டங்களின்கீழ் அவர்களுக்காகப் பேசிப் பழிவாங்கப்பட்டவரும் வழக்குத் தொடுக்கலாம் என்று ஒரு வழி திறந்ததாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இங்கே என்ன இருக்கிறது என்று இன்று முழுவதும் படித்தேன். மிதமானது முதல் கடுமையானது வரை சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளும் 2019 முதல் கட்டாயக் கல்விச் சட்டத்திற்குள் வந்துவிட்டார்கள். அது பெரிய காரியம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் பள்ளிக்கு வந்த பிள்ளைக்குத் திட்டத்தில் எழுதியது கிடைத்ததா என்று கேட்கப் பாட்டி போன்றவர்களுக்கு அமெரிக்காவில் உள்ளதுபோல் விசாரணை மன்றம் இல்லை. சிறப்புக் கல்விப் பள்ளிகளைக் கல்வி அமைச்சின் நிதியாதரவோடு சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன. என் முதலாளியும் அப்படி ஓர் அமைப்புதான்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் பழிவாங்கலுக்குத் தடை உண்டு. அது இன்னும் நடப்புக்கு வரவில்லை. வந்தாலும் அது காப்பது வேலையிடத்தில் நேர்ந்த பாகுபாட்டையோ தொல்லையையோ முறையிட்டவரை. என் முறையீடு என்னைப் பற்றியதல்ல, தம்பியின் முக்கால் மணி நேரத்தைப் பற்றியது. அதற்கு எந்தச் சட்டத்தில் இடம் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன்.

மார்ச் 3, செவ்வாய்

உதவி ஆசிரியை இப்போதெல்லாம் மதிய உணவுக்கு என் மேசைக்கு வருவதில்லை. அவளுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, தெரியும். இன்று படிக்கட்டில் யாருமில்லாதபோது நின்று, "மன்னித்துவிடுங்கள் அக்கா" என்றாள். அவள் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணை இப்படி ஒளிந்து பேச வைத்ததுதான் எனக்கு மாற்றல் கடிதத்தைவிட வலிக்கிறது.

அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு அதே நான்கு தேதிகளைக் கடிதமாக அனுப்பிவிட்டேன். கணவர் படித்துப் பார்த்து ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார். "அனுப்பு" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

பேருந்துக்கு அருகே பாட்டி. பிள்ளையின் கோப்பை நான் வெளியே பேசுவது முறையல்ல. பெற்றோர் எவரும் கேட்கக்கூடியதை மட்டும் சொன்னேன். "திட்டக் கூட்டத்தில், பயிற்சி எத்தனை முறை நடந்தது, எனக்கும் காட்டுங்கள் என்று கேளுங்கள் அம்மா." அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். "அதைக் கேட்டதால்தானா டீச்சர்?" என்றார்.

மார்ச் 12, வியாழன்

நாளையோடு முதல் தவணை முடிகிறது. நிர்வாகக் குழுவிடமிருந்து பதில் இல்லை. மதிப்பீடு மாறவில்லை. ஆனால் திங்கள் கூட்டத்தில் பாட்டி கேட்டாராம். செவ்வாயும் இன்றும் 9.15-க்குச் சின்ன அறையில் விளக்கு எரிந்தது. பொருள் அறைக்குப் போகும் வழியில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதவி ஆசிரியையும் அவனும் தரையில்.

பிற்பகல் நல்ல வெயில். தம்பி பேருந்தின் முதல் படியில் ஏறியவன் அங்கேயே நின்றுவிட்டான். பின்னால் பிள்ளைகள் நெருக்க, ஓட்டுநர் 'ஏறு ஏறு' என்றார். தாடையை நோக்கிக் கை போனது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் அந்தக் கை கீழே இறங்கி, இடுப்பில் தொங்கிய நீலப் புத்தகத்தைத் தேடியது. சரக்கென்று ஓர் அட்டையைப் பிய்த்தான். மூலையெல்லாம் பல் தடம் பதிந்த அந்தத் தண்ணீர் அட்டையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

பேருந்து இன்று மூன்று நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.