விசா முடிந்த பிறகும் அப்பா அம்மா இருக்கலாமா? ஐ-94 தேதியைப் பாருங்கள்

அப்பா அம்மாவின் அமெரிக்க விசா அடுத்த மாதம் முடிகிறது, டிக்கெட் கிடைத்ததோ அதற்கு ஒரு வாரம் முன்புதான், அப்படியென்றால் வந்து இறங்கிய ஒரே வாரத்தில் திரும்பிவிட வேண்டுமா என்று நண்பர் ஒருவர் பதற்றத்தோடு கேட்டார். முதல் பேரன் பேத்தி பிறந்த சமயத்தில் எடுத்த பத்து வருட பி-2 (சுற்றுலா) விசாக்கள் இப்போது பல வீடுகளில் முடிந்துகொண்டு வருவதால் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதில் பாதி தப்பாக இருக்கும், அந்தத் தப்புக்கான விலையைக் கொடுப்பது வயதான இரண்டு பேர். அதனால் எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

திரும்ப வேண்டியதில்லை. விசாவில் அச்சிட்டிருக்கும் முடிவுத் தேதி, அமெரிக்காவுக்கு வந்து உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கான கடைசி நாள், அவ்வளவுதான். உள்ளே வந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அந்தத் தேதி தீர்மானிப்பதில்லை. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) அதிகாரிதான் அதை முடிவு செய்கிறார், அவர் கொடுக்கும் தேதி ஐ-94 என்ற பதிவில் ஏறுகிறது. சுற்றுலா விசாவில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். விசா மார்ச் 10 அன்று முடிகிறது, மார்ச் 5 அன்று வந்து இறங்குகிறார்கள், ஐ-94 செப்டம்பர் 4 வரை என்று இருக்கிறது என்றால் செப்டம்பர் 4 வரை அவர்கள் இங்கே முறைப்படிதான் இருக்கிறார்கள். நடுவில் மார்ச் 10 வந்து போவதால் ஒன்றும் ஆகாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விசா முடிவதற்கு ஓரிரு நாள் முன்பு வந்து சேரும்படி டிக்கெட் போடாதீர்கள். சென்னையில் விமானம் தாமதமாகி, இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, வந்து சேரும்போது தேதி தாண்டியிருந்தால் அந்த விசாவை வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது, விமானத்தில் ஏற்றவே மறுத்துவிடுவார்கள். அபுதாபி வழியாக வருகிறவர்களுக்கு அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே முடிந்துவிடும், அதனால் விசா தேதியை அங்கேயே பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். குறைந்தது ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இதற்கு நேர் எதிரான நிலைமைதான். விசாவில் இன்னும் ஏழெட்டு வருடம் பாக்கி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு 'பத்து வருட விசாதானே, மெதுவாகப் போகலாம், பேரன் பிறந்தநாள் முடியட்டும், பனி விழுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள், ஐ-94 என்று ஒன்று இருப்பதே யாருக்கும் நினைவில் இருக்காது. ஐ-94 தேதியைத் தாண்டி ஒரே ஒரு நாள் இருந்தாலும் சட்டப்படி அந்தப் பத்து வருட விசா செல்லாமல் போய்விடும். அடுத்த முறை வர வேண்டுமென்றால் இந்தியாவில் புதிதாக விண்ணப்பித்து, ஏன் அதிக நாள் இருந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 180 நாளுக்கு மேல் அப்படி இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம் வர முடியாது, ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் பத்து வருடம். எழுபது வயது அம்மாவுக்குப் பத்து வருடத் தடை என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பார்க்க வேண்டிய தேதியை விட்டுவிட்டு வேறு தேதியைப் பார்க்கிறார்கள், அதில்தான் வருகிறது இவ்வளவும்.

எனவே வந்த அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், சிபிபியின் ஐ-94 இணையதளத்தில் போய் இருவருடைய பதிவையும் எடுத்துப் பாருங்கள். 2013இலிருந்து விமானத்தில் வருகிறவர்களுக்கு இது மின்னணுப் பதிவாகிவிட்டது, முன்பு போல பாஸ்போர்ட்டில் வெள்ளை அட்டை குத்தித் தருவதில்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தித் தேதி எழுதியிருந்தாலும் இணையத்தில் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பாவுக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் இருக்காது, பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், அதனால் விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிட்டிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி தேடிப் பதிவு வரவில்லையென்றால் பயப்படாமல் விசாவில் உள்ளபடி தேடிப் பாருங்கள், அநேகமாக வந்துவிடும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தேதிதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். என் மாமனாரும் மாமியாரும் ஒன்றாக வந்து ஒரே கவுண்டரில்தான் நின்றார்கள். மாமியாருக்கு முழுசாக ஆறு மாதம் கொடுத்த அதிகாரி, மாமனாருக்கு அவருடைய பாஸ்போர்ட் முடிகிற நாள் வரைக்கும்தான் கொடுத்திருந்தார், அது மூன்று மாதம்கூட இல்லை. மறுநாளே பார்த்ததால் தெரிந்தது. இங்கே இருந்தபடியே இந்தியத் தூதரகம் மூலம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, அப்புறம் அவருக்கு மட்டும் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தோம். இரண்டுக்கும் செலவு, அலைச்சல். கிளம்புவதற்கு முன்பே பாஸ்போர்ட் தேதியைப் பார்த்து, ஒரு வருடத்துக்குள் முடிவதாக இருந்தால் இந்தியாவிலேயே புதுப்பித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்று இப்போதெல்லாம் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் பரவாயில்லை, அந்த விசா செல்லும், இரண்டு பாஸ்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். ஐ-94 பதிவில் அதிகாரி தவறாக ஏதாவது பதிந்திருந்தால், எழுத்துப்பிழையோ விசா வகையோ தேதியோ, டிஃபர்டு இன்ஸ்பெக்‌ஷன் என்று சிபிபிக்கு அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கே திருத்திக் கொடுப்பார்கள்.

சரி, ஆறு மாதத்துக்கு மேல் இருந்தே ஆக வேண்டிய நிலை வந்தால்? வரும். மகளுக்குப் பிரசவத்தில் சிக்கல், அப்பாவுக்கு இங்கே வந்த இடத்தில் நெஞ்சுவலி, அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு, எதுவும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதற்குத்தான் ஐ-539 என்ற படிவம். இதை அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் கொடுத்து மேலும் ஆறு மாதம் வரை கேட்கலாம். ஐ-94 தேதி முடிவதற்குள் படிவம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், குறைந்தது 45 நாள் முன்பே அனுப்பச் சொல்கிறார்கள். 2024 ஏப்ரலில் கட்டணத்தை மாற்றி இணையத்தில் போட்டால் 420 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 470 டாலர் என்று ஆக்கினார்கள், அனுப்பும் முன் அன்றைய கட்டணத்தை அவர்கள் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகப் போடலாம், துணைவருக்கு ஐ-539ஏ என்ற இணைப்புப் படிவம் உண்டு.

விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். 'பேரக் குழந்தைகளுடன் இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசை' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதாது. ஏன் இப்போது கிளம்ப முடியவில்லை, எந்தத் தேதியில் கிளம்புவார்கள், அதுவரை செலவுக்கு யார் பொறுப்பு, இந்தியாவில் திரும்பிப் போய் இருக்க வீடு வாசல் ஓய்வூதியம் என்று என்ன இருக்கிறது, இவை நான்கும் தெளிவாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காகிதம் இருக்க வேண்டும். உடல்நலம் காரணமென்றால் விமானப் பயணம் எதனால் கூடாது, எவ்வளவு காலம் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதம் முக்கியம். உங்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், தேதி போட்ட திரும்பும் டிக்கெட், எல்லாம் சேர்த்து வையுங்கள்.

நேரத்துக்கு விண்ணப்பித்துவிட்டால், பதில் வருவதற்குள் ஐ-94 தேதி தாண்டினாலும் முறையான விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் வரை அந்த நாள்களைச் சட்டவிரோதமாகத் தங்கிய நாள்களாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து இஷ்டப்படி இருக்க முடியாது. நீட்டிப்பு எந்தத் தேதி வரை கேட்டீர்களோ அந்தத் தேதிக்குள், பதில் வந்தாலும் வராவிட்டாலும், கிளம்பிவிட வேண்டும். நடுவில் மறுப்பு வந்தால் உடனே கிளம்ப வேண்டும், மறுநாளிலிருந்து எண்ணிக்கை ஆரம்பமாகிவிடும். பல குடும்பங்களில் அப்பா அம்மா ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதிலே வருகிறது, அதில் தவறில்லை. விண்ணப்பித்ததற்கு வரும் ஐ-797சி ரசீது, அவர்கள் கிளம்பிய போர்டிங் பாஸ் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த முறை கவுண்டரில் யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அதுதான் இருக்கும்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். நீட்டிப்பு என்பது இப்படி அவசரத்துக்கு இருக்கும் வழி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை, டே கேர் செலவு தாங்கவில்லை என்பதற்காக ஒவ்வொரு முறையும் ஆறு மாதத்தை ஒரு வருடமாக நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அதிகாரிக்குச் சந்தேகம் வரும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவர்களேதான். குளிர்காலத்தில் வெளியே கால் வைக்க முடியாமல், கார் ஓட்டத் தெரியாமல், பேச ஆளில்லாமல், நாள் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இருக்கட்டுமா போகட்டுமா என்று பிள்ளைகள் கூடிப் பேசுகிறார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பயணிகளுக்கான காப்பீடும் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்கெல்லாம் முழுசாகக் கொடுப்பதில்லை, தங்கும் நாள் கூடக்கூட அந்தப் பயமும் கூடுகிறது.

ஒருமுறை வந்து போனால் ஆறு மாதம் இந்தியாவில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி உலவுகிறது. அப்படிச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போய், இரண்டு மாதத்தில் மறுபடி வந்து நின்றால், இவர்கள் இங்கேயே வாழ்கிறார்களோ என்று அதிகாரி நினைக்கத்தான் செய்வார், உள்ளே விடுவதும் எத்தனை நாள் கொடுப்பதும் அவர் கையில் இருக்கிறது. இங்கே இருந்ததைவிட ஊரில் அதிக நாள் இருந்துவிட்டு வருவது நல்லது என்பேன். எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று அவர் கேட்டால் டிக்கெட்டில் இருக்கும் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். கூடக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்ப வேண்டாம், பாவம், அங்கே நின்று திணறுவார்கள். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் பேச உதவி வேண்டும் என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே இருக்கும்போதே விசா முடிந்துவிட்டவர்கள் நடுவில் வேறு நாட்டுக்குப் போய் வரத் திட்டமிட்டால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பினால், ஐ-94 செல்லுபடியாக இருக்கும்பட்சத்தில் முடிந்த விசாவோடேயே திரும்பி வர ஒரு விதி இடம் தருகிறது, ஆனால் கனடாவுக்குள் போக இந்தியர்களுக்குத் தனி விசா வேண்டும், போன இடத்தில் அமெரிக்க விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் அந்தச் சலுகையும் போய்விடும். நயாகரா அருவியை அமெரிக்கப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள், நிம்மதியாக இருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் விசாவைப் புதுப்பிக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பு விசா முடிந்து 48 மாதம் வரை நேர்காணல் இல்லாமல் புதுப்பிக்க விட்டார்கள், 2025இல் அதை 12 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அந்த 12 மாதத்துக்குள் விண்ணப்பித்தால், மற்ற தகுதிகளும் இருந்தால், அப்பா அம்மா சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்காமலே முடிய வாய்ப்பு இருக்கிறது. கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும், அது அதிகாரியின் உரிமை. விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 185 டாலர். அடுத்த பயணம் எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இப்போதே உட்கார்ந்து நிரப்பிவிடுங்கள், அதற்கு வேண்டிய பழைய பயணத் தேதிகள் எல்லாம் அதே ஐ-94 தளத்தில் கிடைக்கும்.