மூன்று நாள் கட்டுச்சோறும் நாற்பது தோட்டாவும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் நாள் யாரும் நடந்துவிடலாம். இரண்டாம் நாள் காலையில்தான் கால் கணக்குக் கேட்கும். அத்தனைக்கும் தோளில் இருப்பது ஒரு துணிப்பை, வழியெல்லாம் அன்னதானம், மோர்ப்பந்தல். அதே காலின் மேல் இருபது கிலோவை ஏற்றி, பந்தல்களை எல்லாம் பிரித்துப் போட்டால், 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த காலாட்படைக்காரன் கிடைப்பான். நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வடக்கின் மத்திய அரசுக்கும் நடந்த போர் அது. அவனுடைய சண்டையைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே நடையை மட்டும் பார்ப்போம்.

முதலில் சுமை. வடக்குப் படைக்காரனின் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கி மட்டும் நாலு கிலோ. இடுப்புத் தோல்பெட்டியில் காகிதத்தில் சுற்றிய தோட்டா 40. ஒரு ஈயக்குண்டு சுமார் 32 கிராம் என்பதால், வெடிமருந்தையும் சேர்த்தால் ஒன்றரை கிலோ ஆகிவிடும். சண்டை நெருங்கினால் 60 கொடுப்பார்கள். கூடுதல் இருபதைச் சட்டைப்பையில் திணித்துக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீருக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும் தகரக் குப்பி, மேலே கம்பளி உறை. தோளில் மூன்று நாள் ரேஷன் பை. பிறகு கம்பளி, ரப்பர் பூசிய விரிப்பு, பாதிக் கூடாரம். முதுகுமூட்டையில் மேல்கோட்டு, மாற்றுத்துணி, வீட்டுக் கடிதம். மொத்தம் 18லிருந்து 22 கிலோ வரை வரும்.

புதிதாகச் சேர்ந்தவன் இதையெல்லாம் சுமந்து கிளம்புவான். வெயில் ஏறியதும் முதலில் போவது மேல்கோட்டு, அடுத்தது கம்பளி. புதுப் படை போன பாதை ஓரமெல்லாம் துணி கிடக்கும். அன்று ராத்திரி மழை பெய்தால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பழகியவன் முதுகுமூட்டையைத்தான் விட்டான். கம்பளிக்குள் காலுறையையும் கூடாரத் துணியையும் வைத்து நீளமாகச் சுருட்டி, இடது தோளில் மாலை போலப் போட்டு, இரண்டு முனையையும் வலது இடுப்பில் கட்டிக்கொண்டான். துப்பாக்கி சாய்க்க வலது தோள் காலியாக இருக்க வேண்டுமே! ரப்பர் விரிப்பை மட்டும் லேசில் விடமாட்டான். ஈரத்தரையில் அது கீழே, மழையில் மேலே.

அடுத்தது கால். காலுறை நனைந்து சுருண்டால் கொப்புளம் நிச்சயம். அதனால் உள்பக்கம் சோப்புத் தேய்த்துப் போட்டுக்கொள்வார்கள். தெற்குப் படையின் நிலைமை இன்னும் மோசம். 1862 செப்டம்பரில் வடக்கின் பக்கம் இருந்த மேரிலாண்ட் மாநிலத்துக்குள் நுழைந்தபோது பலருக்குச் செருப்பே இல்லை. சொந்த ஊர் மண்பாதையில் வெறுங்காலோடு நடந்தவனை அங்கே ஜல்லி போட்ட ரோடு கிழித்துவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே பின்தங்கினார்கள்.

வேகத்துக்குப் பயிற்சிப் புத்தகத்தில் கணக்கு உண்டு. ஒரு காலடிக்கு 28 அங்குலம், நிமிடத்துக்கு 110 காலடி. அதாவது நிமிடத்துக்கு 78 மீட்டர். 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு என்று போனால் மணிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 1864இல் அட்லாண்டாவிலிருந்து சவான்னாவுக்கு சுமார் 62,000 பேரைக் கூட்டிப்போன வடக்கின் தளபதி ஷெர்மன், காலை 7 மணிக்குக் கிளம்பி நாளுக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர் போக வேண்டும் என்று உத்தரவிட்டார். காகிதத்தில் ஆறு மணி நேர வேலைதான். ஆனால் நாலு நாலு பேராகப் போகும் வரிசை மைல் கணக்கில் நீளும். முன்னால் ஒரு குறுகிய பாலமோ சேற்றில் இறங்கிய வண்டியோ வந்தால், பின்னால் இருப்பவன் அரைமணி நின்று, பிறகு இடைவெளியை மூட ஓட வேண்டும். நிற்பதும் ஓடுவதும் நடப்பதைவிடக் களைப்பு. முன்னால் போனவர்கள் கிளப்பிய புழுதியும் அவன் வாய்க்குத்தான். இன்று முன்னால் போன ரெஜிமென்ட் (படைப்பிரிவு) நாளை கடைசியில் போக வேண்டும் என்று முறை வைத்தது இதனால்தான்.

விதிவிலக்குகளும் உண்டு. 1863 ஜூலை 1 இரவு கிளம்பிய வடக்கின் ஆறாவது கோர் என்ற பெரிய படைப்பிரிவு, மறுநாள் மாலைக்குள் சண்டை நடந்துகொண்டிருந்த கெட்டிஸ்பர்க் ஊரைச் சேர 55 கிலோமீட்டர் நடந்தது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சியைத் தாண்டிய தூரம், அதுவும் தூக்கமில்லாமல்.

இனி சாப்பாடு. நாளுக்கு 450 கிராம் கெட்டி பிஸ்கட், 340 கிராம் உப்புப் பன்றிக்கறி, காபி, சர்க்கரை, உப்பு. பிஸ்கட் மாவும் தண்ணீரும் மட்டும்தான். மூன்று அங்குலம், அரை அங்குலக் கனம். ஒன்பதோ பத்தோ எண்ணித் தருவார்கள். பல்லால் கடிக்கிற சமாச்சாரம் அல்ல, துப்பாக்கிக் கட்டையால் உடைக்க வேண்டும். பச்சைத்தண்ணீரில் ஊறினால் உதிராமல் தோல் மாதிரி ஆகும். அதைப் பன்றிக் கொழுப்பில் வறுத்தால் ஒரு பலகாரம். வண்டு இருந்தால் சூடான காபியில் போட, அது மிதந்து வரும், வழித்து எறிந்துவிட்டுக் குடிக்கலாம்.

பெரிய தப்பு ஒன்று எல்லாரும் செய்தார்கள். மூன்று நாள் ரேஷனை முதல் நாளே தின்பது. பையில் சுமப்பதைவிட வயிற்றில் சுமப்பது லேசு என்ற கணக்கு. மூன்றாம் நாள் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

காபிப் பங்கீடு நம்மூரில் கிடாவெட்டிக் கறி கூறு போடுவது போலவேதான். விரிப்பில் சமமாகக் கூறு வைத்து, ஒருவன் முதுகைத் திருப்பிக்கொண்டு பெயரைக் கூப்பிடுவான். கொட்டையும் சர்க்கரையும் ஒரே பையில் கலந்துவிடுவார்கள், தனித்தனியாக வைத்தால் சிந்தும். கொட்டையைத் தகரக் குவளையில் போட்டுத் துப்பாக்கிக் கட்டையால் இடித்து, கம்பிப் பிடி போட்ட டப்பாவில் கொதிக்க வைப்பது. பத்து நிமிட ஓய்வில்கூட அடுப்பு மூட்டுவார்கள். தெற்குக்காரனுக்கு வடக்கின் கடல்முற்றுகையால் காபி இல்லை. கோதுமை போன்ற ரை என்ற தானியத்தையும் சர்க்கரைவள்ளியையும் வறுத்துப் போட்டுக் காய்ச்சினான். காவல் இடங்களில் அதிகாரி கண்ணில் படாமல் புகையிலை கொடுத்து எதிரியிடமே காபி வாங்கியதும் உண்டு.

இந்தக் காபி தெரியாமல் ஒரு நல்லதும் செய்தது. முன்னால் போன ஆயிரம் பேரும் கோவேறு கழுதைகளும் கலக்கிய ஓடையில்தான் குப்பி நிரப்ப வேண்டும். கிருமி என்ற ஒன்றை அன்றைக்கு வைத்தியர்களே அறியவில்லை. கொதித்ததைக் குடித்தவன் பிழைத்தான், அப்படியே குடித்தவனுக்கு வயிற்றுப்போக்கு. அந்தப் போரில் குண்டு கொன்ற ஒருவனுக்கு நோய் கொன்றவர்கள் ஏறக்குறைய இரண்டு பேர்.

சாயங்காலம் முகாம். இரண்டு பேர் தங்கள் பாதிக் கூடாரங்களைப் பொத்தான் போட்டு இணைத்தால் ஒரு கூடாரம். கூட்டாளி காணாமல் போனால் பாதிதான். விறகுக்குத் தோட்டவேலிக் கட்டைகள். மேல்கட்டையை மட்டும் எடுக்கலாம் என்று உத்தரவு வந்தால், வருகிறவன் ஒவ்வொருவனும் அப்போதைக்கு மேலே இருப்பதை எடுப்பான், கடைசியில் வேலியே இருக்காது. அடுப்பைச் சுற்றி ஈரக் காலுறைகள் தொங்கும். காவல்முறை வந்தவன் மட்டும் காலுறை காய்வதற்குள் எடுத்து மாட்டிக்கொண்டு, நெருப்பில்லாத இருட்டுக்குள் போவான்.