வாப்பாவோட கால்

ஹஜ் முடிச்சு வந்த வாப்பாவைப் பார்க்க மண்ணடி வீட்டுல ஒரே கூட்டம். எல்லாரும் ஜம்ஜம் தண்ணிக்குக் கை நீட்டுறாங்க, என் கண்ணு அவர் கால்லயே நிக்குது. இடது குதிகால்ல கொப்புளம் உடைஞ்சு, ஓரம் கறுத்துக் கிடக்கு. "வலிக்கவே இல்லம்மா"ங்கிறார். அதான் பயமே! 20 வருஷ சுகர், பாதம் மரத்துப்போச்சு.

மக்கா பெரிய பள்ளிவாசலான ஹரம் வாசல்ல செருப்பு தொலைஞ்சு, கொதிக்கிற ரோட்டுல வெறுங்காலோட ரூம் வரைக்கும் நடந்திருக்கார். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவுல 7 தடவை நடக்கிறதே 3 கிலோமீட்டருக்கு மேல. ஹஜ்ஜுக்கான தையலில்லாத உடுப்பு, இஹ்ராம்ல, ஆம்பளைங்களுக்கு சாக்ஸும் கிடையாது.

போகப்போறவங்க செருப்பைப் பையில போட்டு கூடவே வச்சுக்குங்க. சுகர் இருந்தா ராத்திரி கண்ணாடி வச்சு உள்ளங்காலைப் பாருங்க.

இப்போ கட்டு மாத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போறோம். வழியெல்லாம் அடுத்து உம்ராங்கிற சின்ன ஹஜ் பேச்சுதான் மனுஷனுக்கு.