கையை விடச் சொல்லும் வேலை

மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குக் கண்ணுக்கு முன்பே காது பழகிவிடுகிறது. நோயாளியின் விரலில் மாட்டிய ஒட்சிசன் அளவி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிறு ஒலி எழுப்பும். சுருதி இறங்கினால் இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, இடைவெளி நீண்டால் துடிப்புக் குறைகிறது. திரையில் காணும் எண் சில துடிப்புகளின் சராசரி என்பதால் சற்றுப் பிந்தியே வந்து சேரும்.

திருகோணமலையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், மூதூரிலிருந்து வந்திருந்த ஆறு வயதுச் சிறுமியொருத்திக்கு மாறுகண் சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருந்தது. கண் வைத்தியர் மூக்குப் பக்கத்துத் தசையைக் கொக்கியில் எடுத்து இழுத்ததும் ஒலிகளுக்கிடையே ஒரு வெறுமை விழுந்தது. திரை இன்னும் 110 என்றே காட்டியது. நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே 48 ஆயிற்று. என் கை, துடிப்பைக் கூட்டும் மருந்தான அற்றோபின் ஊசியைத் தேடியது. பின்னால் நின்ற மூத்த மயக்க மருந்து நிபுணர் மருந்தைப் பற்றிப் பேசவேயில்லை. “சேர், கொஞ்சம் விடுங்கோ” என்றார். கொக்கி தளர்ந்தது, நான் ஊசியின் மூடியைக் கழற்றி முடிப்பதற்குள் துடிப்பு பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் பிள்ளையின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை. முகத்தின் தொடுகையையும் வலியையும் மூளைக்குக் கொண்டுசெல்வது ஐந்தாவது மண்டை நரம்பு. (முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பையே ‘முக நரம்பு’ என்பதால் புதிதாக வருபவர்கள் இங்கே குழம்புவதுண்டு.) கண்தசை இழுபடும்போதோ, கன்ன எலும்பு நிமிர்த்தப்படும்போதோ அந்த நரம்பின் வழியே மூளைத்தண்டுக்குப் போகும் செய்தி, அங்கேயே பத்தாவது நரம்பான வேகஸின் கருவுக்குக் கைமாறி, இதயத்தை மெதுவாக்கும் கட்டளையாகத் திரும்புகிறது. கண்ணை அழுத்தினால் நாடி தளர்வதை 1908இல் அஷ்னரும் டாக்னினியும் தனித்தனியே விவரித்தார்கள். மூளையின் அடிப்பகுதிச் சத்திரசிகிச்சைகளிலும் இது நேர்வதை 1999இல் ஷாலரும் அவருடன் பணியாற்றியோரும் எழுதிய பின்னர், துடிப்பும் இரத்த அழுத்தமும் 20 வீதத்துக்கு மேல் சரிவதை அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் பரவியது.

இவ்வளவும் படித்திருந்தும் சில வருடங்களின் பின் நான் தடுமாறினேன். நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கன்ன எலும்பு உள்ளே பதிந்துபோன ஒருவர். சங்கு குளிக்கும் சுழியோடி. தலைமுடிக்குள் சிறு வெட்டு வைத்து, அதன் வழியே நெம்பியைச் செலுத்திச் சத்திரசிகிச்சை நிபுணர் எலும்பைத் தூக்கத் தொடங்கியபோது ஒலி நீண்டது. அவர் என்னைவிட மிகவும் மூத்தவர். எலும்பு இடத்துக்கு வந்து சேரும் தறுவாய். இடைமறிக்கக் கூசி, அடுத்த துடிப்பு வரட்டும் என்று காத்தேன். அது வரவில்லை. நேர்கோடு நாலைந்து நொடிகள்தான் ஓடியிருக்கும். “விடுங்கோ சேர்!” என்று நான் கத்தியதில் தாதி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டார். நெம்பி தளர்ந்ததும் இதயம் தானாகவே தொடங்கியது. சத்திரசிகிச்சை நிபுணர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார்.

பிறகு பார்த்தபோது மயக்கம் ஆழம் குறைவாக இருந்தது, வெளிமூச்சில் கரியமிலவாயுவும் ஏறியிருந்தது. இரண்டுமே இந்த அனிச்சைச் செயலைத் தூண்டுபவை. இரண்டையும் கவனித்திருக்க வேண்டியவன் நான். அவற்றைச் சீர்செய்து, 0.6 மில்லிகிராம் அற்றோபின் கொடுத்த பின் மீண்டும் எலும்பைத் தூக்கியபோது துடிப்பு அசையவில்லை. மருந்தின் பலனா, அடுத்தடுத்துத் தூண்டினால் தானே களைத்துப்போகும் அந்த அனிச்சையின் இயல்பா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லோருக்கும் முன்கூட்டியே அற்றோபின் போடுவதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. துடிப்பைத் தேவையின்றி விரட்டிவிட்டு, அதன்பின் கேட்கும் ஒலியை நம்பிக்கொண்டிருக்க வேண்டிவரும். ஆனால் அளவைக் கணித்து ஊசியில் ஏற்றி வைக்காமல் மாறுகண் பிள்ளை எதற்கும் நான் மயக்கம் கொடுப்பதில்லை.

மறுநாள் வாட்டில் அந்தச் சுழியோடியிடம் நடந்ததைச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன். வீங்கிய கன்னத்தோடு சிரித்தார்.

“மூச்சைப் பிடிச்சு முகம் தண்ணிக்குள்ள போனா நெஞ்சு தானா மெதுவாகும் டொக்டர். எங்களுக்குத் தெரிஞ்சதுதானே.”

அவர் சொன்னது சரியே. நீரில் மூழ்கும்போது ஒட்சிசனைச் சிக்கனமாக்க உடல் செய்யும் அந்த ஏற்பாடும் இதே ஐந்தாவது நரம்பில் தொடங்கி வேகஸில் முடிவதுதான்.

“அப்ப இது வருத்தமில்லையோ?”

“வருத்தமில்லை. ஆனா இனி எங்க மயக்கம் குடுத்தாலும் இதைக் காட்டுங்கோ.”

கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனாவால் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாசிக்கவில்லை. வள்ளத்தில் கைபேசி நனையாமல் வைக்கும் பொலித்தீன் பைக்குள் கொப்பியைப் போட்டு, வாயை இரண்டு முடிச்சாகக் கட்டி, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.