படத்தின் பின்பக்கம்

அந்த ஆல்பத்தில் 212 படங்கள் இருந்தன. மூன்றே நாளில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன் என்று பெருமையோடு போய் நின்றபோது, என் மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "பின்பக்கம் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆல்பம் முந்தின நாளே கூரியரில் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தது.

நான் படித்தது சிவில். திருச்சியில் பாலிடெக்னிக் முடித்து, பல ஊர் சுற்றிவிட்டு கான்பெராவுக்கு வந்து சேர்ந்தவன். கட்டட வரைபடம் படிக்கத் தெரியும் என்பதால் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் எட்டு மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. டோகும்வால் என்ற ஊரில் இருந்த போர்க்கால விமானத்தளத்தைப் பற்றிய வரைபடங்கள், படங்கள், நினைவுகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து அட்டவணைப்படுத்த வேண்டும். வரலாற்றில் எனக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் கிடையாது. சம்பளம் நன்றாக இருந்தது, ஏசி அறை, அவ்வளவுதான்.

டோகும்வால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென் விளிம்பில், மர்ரே ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். ஆற்றைத் தாண்டினால் விக்டோரியா. கடலுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே போய் ஏன் இவ்வளவு பெரிய குண்டுவீச்சு விமானத்தளம் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு எழுந்த முதல் கேள்வி. பதில், கடலுக்குச் சம்பந்தமில்லை என்பதேதான்.

1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் ஆஸ்திரேலியாவின் வடகரையில் இருக்கிற டார்வின் நகரத்தின் மேல் குண்டு வீசின. அதற்குப் பின் ஆஸ்திரேலியாவில் கடற்கரை ஓரமாக இருந்த எதுவும் பத்திரம் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. அமெரிக்கர்களின் கனரக விமானங்களை நிறுத்தவும் பழுதுபார்க்கவும் உள்நாட்டில், எதிரியின் கை எட்டாத ஓர் இடம் தேவைப்பட்டது. டோகும்வாலில் நிலம் தட்டையாக இருந்தது. ரயிலும் இருந்தது, அதுவும் இரண்டு அளவில். விக்டோரியாவின் தண்டவாள அகலம் 1600 மில்லிமீட்டர், நியூ சவுத் வேல்ஸின் அகலம் 1435. இரண்டும் டோகும்வாலில்தான் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு வண்டியிலிருந்து சரக்கை இறக்கி அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். சமாதான காலத்தில் இது தலைவலி. ஆனால் இரண்டு மாநிலத்திலிருந்தும் சிமெண்டும் மரமும் வந்து சேர வேண்டிய இடத்துக்கு அது வசதியாகப் போயிற்று.

இந்தத் தேதிகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார். "எவாகுவேஷன்" என்பார். அவருக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று. 1942 ஏப்ரலில் மெட்ராஸே காலியானபோது, கைக்குழந்தையோடு எழும்பூரில் ரயிலேறி கும்பகோணம் போன கதையை அவர் சொல்லாத கோடை விடுமுறை கிடையாது. டார்வினைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படைதான், அகாகி, ஹிர்யூ, சோர்யூ என்ற அதே விமானந்தாங்கிக் கப்பல்களோடு, ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கியது. இடையில் 6 அன்று இன்னொரு ஜப்பானியப் படை விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டது. மெட்ராஸ் நடுங்கியது அதனால்தான். பாட்டியை ரயிலேற்றிய பயமும் டோகும்வாலில் கோதுமை வயலைத் தளமாக்கிய பயமும் ஒன்றுதான் என்று தெரிந்த அன்றைக்கு, வேலையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சம்பளத்துக்காக மட்டும் போகவில்லை என்று அதற்கப்புறம் சொல்லிக்கொள்ள முடிந்தது.

தளத்தை அமெரிக்கர்கள் அதிக காலம் வைத்துக்கொள்ளவில்லை. போர் வடக்கே நகர்ந்ததும் அவர்களும் நகர்ந்துவிட்டார்கள். 1942 முடிவதற்குள் அது ஆஸ்திரேலிய விமானப்படையின் கைக்கு வந்தது. 1944இல் லிபரேட்டர் என்ற கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சிப் பிரிவு அங்கே தொடங்கியது. நான்கு எஞ்சின், 33 மீட்டருக்கு மேல் இறக்கை அகலம், உள்ளே பத்துப் பதினொரு பேர். அதுவரை சின்ன விமானம் ஓட்டிய பையன்கள் இங்கே வந்துதான் இதைக் கையாளப் பழகினார்கள்.

நான் படித்ததில் பெரும்பகுதி விமானப்படைப் பிரிவுகளின் வரலாற்றுத் தாள்கள். தேசிய ஆவணக்காப்பகத்தில் படியெடுத்து வைத்திருக்கிறார்கள், இணையத்திலேயே பார்க்கலாம். வீரக் கதை இருக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், எத்தனை மணி நேரம் பறந்தார்கள், வானிலை எப்படி. எந்த அலுவலகத்திலும் மாதக் கடைசியில் யாரோ ஒருவர் வேண்டாவெறுப்பாக எழுதும் அறிக்கையின் தொனி அதில் அப்படியே இருந்தது. போகப் போக எனக்கு அந்தத் தொனி பிடித்துவிட்டது. பிற்காலத்தில் யாராவது படிப்பார்கள் என்று நினைத்து எழுதியவன் மெருகு போடுவான். இவர்கள் போடவில்லை.

தளத்தில் என்னை அதிகம் இழுத்தது விமானமல்ல, வீடுகள். படைவீரர் முகாம் என்றால் வரிசையாக ஒரே அச்சில் கொட்டகை இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வரைபடத்தில் இருந்தது வேறு. வளைந்த தெருக்கள், தள்ளித் தள்ளி சாதாரணக் குடும்ப வீடுகள், சாய்வான கூரை. மேலிருந்து பார்க்கிற எதிரி விமானிக்கு இது ஏதோ ஒரு கிராமத்து ஊர் என்று தோன்ற வேண்டும். அதற்காகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். எதிரி விமானம் ஒன்றுகூட அந்தப் பக்கம் வந்து குண்டு போடவில்லை. நாடகத்துக்கு செட் போட்டார்கள், பார்வையாளன் வரவில்லை.

ஆனால் செட் வீணாகவில்லை. போர் முடிந்ததும் கான்பெராவில் கடுமையான வீட்டுப் பஞ்சம். அரசாங்கம் டோகும்வாலிலிருந்து சுமார் 200 வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து, ஓ'கானர் என்ற பகுதியில் திரும்பப் பொருத்தி நிறுத்தியது. அந்த மர வீடுகளில் பல இன்றும் இருக்கின்றன. மக்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பகுதி பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. எதிரியை ஏமாற்றக் கட்டிய வீட்டுக்கு இன்றைக்கு மில்லியன் டாலருக்கு மேல் விலை கேட்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டை அளந்து வரைய ஒருநாள் அனுப்பினார்கள். பிரித்து மாட்டிய வீடு என்றால் சட்டங்களில் எண் போட்டிருப்பார்கள், எது எதோடு சேரும் என்று. நம்மூரில் பழைய வீட்டுத் தூணையும் உத்தரத்தையும் கழற்றி விற்கும்போது சுண்ணாம்பில் குறி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கூரைக்கும் உத்தரப் பலகைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் தவழ்ந்தேன். ஓர் எண் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் போஸம் என்ற மரம் ஏறும் விலங்கின் புழுக்கையும் 70களின் பத்திரிகை ஒன்றும்தான். கீழே இறங்கியதும் வீட்டுக்காரர் தேநீர் கொடுத்துவிட்டு, "ஏதாவது வரலாறு அகப்பட்டதா?" என்று கேட்டார். தலையிலிருந்து தூசியைத் தட்டிக்கொண்டே "கொஞ்சம்" என்றேன்.

வீடுகளின் கதை இப்படி. விமானங்களின் கதை தலைகீழ். ஆஸ்திரேலிய விமானப்படை வாங்கிய லிபரேட்டர்கள் 287. போர் முடிந்ததும் அவற்றில் பெரும் பகுதி டோகும்வாலுக்கு வந்து வரிசையாக நின்றது, வேறு வகை விமானங்களோடு சேர்த்து நூற்றுக்கணக்கில். பிறகு வெட்டினார்கள். உலையில் போட்டு உருக்கி அலுமினியக் கட்டியாக்கினார்கள். வயல் முழுக்க விமானங்கள் நிற்கிற படங்களைப் பார்த்தால் மாட்டுச்சந்தை போல இருக்கும். அந்த 287இல் இன்று முழு வடிவில் பார்க்கக் கிடைப்பது ஒன்றே ஒன்று, மெல்போர்ன் பக்கம் வெரிபீயில் தன்னார்வலர்கள் சேர்த்து நிறுத்தியது. அதன் உடற்பகுதி விக்டோரியாவில் மோ என்ற ஊரில் ஒருவர் வீட்டுக் கொல்லையில் பல பத்தாண்டுகள் கிடந்தது. இறக்கைகள் பாப்புவா நியூ கினியில் விழுந்து கிடந்த வேறொரு விமானத்திலிருந்து வந்தவை.

கொல்லையில் போட்டு வைத்தவர் அதை எதிர்காலத்துக்காகக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. இந்த வேலையில் நான் பார்த்தவரை, காப்பாற்ற வேண்டும் என்று திட்டமிட்டு மிஞ்சியது கொஞ்சம்தான். யாருக்கோ பயன்பட்டது மிஞ்சியது, தூக்கிப்போடச் சோம்பல்பட்டது மிஞ்சியது. ஓடுதளம்கூட அப்படித்தான். பிற்காலத்தில் எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுபவர்களுக்கு டோகும்வால் வானம் பிடித்துப்போனதால், கனரக விமானத்துக்காகப் போட்ட தரை உபயோகத்தில் இருந்துகொண்டே இருந்தது. அலுவலகத்தில் நாங்கள் "பாதுகாத்தல்" என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போடுவோம். எனக்கு அது எப்போதும் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன்.

அது டோகும்வாலில் தரைப்பணியில் இருந்த ஒருவருடையது. அவர் காலமாகிவிட்டார், மகள் கொடுத்திருந்தார். நான் மகளைத் தொலைபேசியில் அழைத்து, படங்களை இன்னொரு முறை அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் மகிழ்ச்சியாக, "நல்ல செய்தி சொல்றேன். பழைய ஆல்பம் நைந்துபோச்சு, உங்ககிட்டேருந்து வந்ததும் புது ஆல்பத்தில் ஒட்டிட்டேன்" என்றார். கோந்து போட்டு, அழுத்தி. நாங்கள் காட்டிய அக்கறையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணமே வந்ததாம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கோந்தைக் கரைத்து எடுக்க வழி உண்டு. அதற்கான ஆளும் பணமும் எங்கள் திட்டத்தில் இல்லை. பின்பக்கங்களில் பென்சிலால் பெயர்களும் தேதிகளும் இருந்ததை ஸ்கேன் செய்யும்போது நான் பார்த்திருந்தேன். பார்த்தும் அதைப் படத்தின் பகுதியாக நினைக்கவில்லை.

மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்போ முகம் தெரிஞ்சவங்களைத் தேடணும்" என்றார்.

இரண்டு மாதம் தேடியதில் ஓர் அம்மையார் கிடைத்தார். போர்க்காலத்தில் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து, டோகும்வால் சரக்குக் கிடங்கில் எழுத்தராக இருந்தவர். அப்போது வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. முதியோர் இல்லத்தில் அவர் எதிரே உட்கார்ந்து மடிக்கணினியில் ஒவ்வொரு படமாகத் தள்ளினேன். ஆண்களின் முகங்கள் பெரும்பாலும் அவருக்குத் தெரியவில்லை. "தரைப்பணிப் பையன்கள் எல்லாரும் எண்ணெய் பூசினது போல ஒரே மாதிரி இருப்பாங்க" என்றார். ஐந்து பெயர் கிடைத்தது, அதில் இரண்டு செல்லப்பெயர். மற்றவற்றுக்கு எதிரே "அடையாளம் தெரியவில்லை" என்று நிரப்பிக்கொண்டே போனேன்.

ஒரு படத்தில் மட்டும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். நான்கு பேர் சைக்கிளோடு நிற்கிற படம். அவர் மனிதர்களைப் பார்க்கவில்லை, அவர்களுக்குப் பின்னால் தெரிந்த வீட்டைப் பார்த்தார்.

"இது நாங்க இருந்த வீடு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லா வீடும் ஒன்றுபோலத்தானே இருக்கும். துணிக்கொடி கட்டிய இடத்தைக் காட்டினார். அது தான் கட்டியது, கோணலாகக் கட்டியதற்காக எல்லாரும் கேலி செய்தார்கள் என்றார். அந்த வீடுகள் கான்பெராவுக்குப் போய்விட்டன என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஓ'கானரில் நான் அளந்த வீட்டின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். இதுவா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டது வேறு.

"பின்கதவு இன்னும் ஒட்டிக்குதா? மழைன்னா இடுப்பால இடிச்சாத்தான் திறக்கும்."

நான் அளந்தது அவர் இருந்த வீடா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இருந்தாலும் அடுத்த வாரம் மழை பெய்த ஒருநாள் அந்த வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து கதவைப் பற்றிக் கேட்டேன். கதவையே மாற்றி பத்து வருஷம் ஆயிற்று, இப்போது கண்ணாடியில் தள்ளுகதவு என்றார். அந்தப் படத்துக்கான குறிப்பில் வீட்டைப் பற்றி அம்மையார் சொன்னதையும், ஒட்டுகிற கதவையும், கோணல் கொடியையும் எழுதினேன். மேலாளர் படித்துப் பார்த்து, கட்டடத்தின் நிலை பற்றிய கட்டத்தில் இதை எழுதக்கூடாது, மற்றவை என்ற கட்டத்துக்கு நகர்த்துங்கள் என்றார். நகர்த்தினேன்.